குல்லாவைக் கழற்றிப் பார்த்தவர்கள்

அக்காவுக்குத் தலைப்பிரசவம் 2003-ல். வளைகாப்பு முடிந்து போலகத்துக்கு வந்திருந்தாள். திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த ஊர் எங்களுடையது. தெற்கே கொஞ்சம் போனால் வாஞ்சூர் எல்லை, அதைத் தாண்டினால் நாகூர். வலி எடுத்ததும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள் இரவு தொடங்கிய வலி மறுநாள் மாலைவரை நீண்டது. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்த ஆயாம்மா, “முக்கத் தெம்பில்லாமப் போச்சு, வாக்குவம் வச்சு எடுத்துட்டாங்க. ஆம்பளப் புள்ள, நல்லாருக்கான்” என்றார்.

குழந்தையின் உச்சந்தலையில் கொண்டை போல ஒரு வீக்கம். “ரெண்டு நாள்ல வடிஞ்சுடும்” என்று சொல்லி, பூப்போட்ட குல்லா ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். அக்கா தையல் வலியோடு தூங்கிப்போனாள். அம்மா மட்டும் விழித்திருந்தார். நள்ளிரவு தாண்டியதும், தலையை லேசாக உருவி விடலாம் என்று குல்லாவைக் கழற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் தலையை எண்ணெய் தொட்டு உருவி உருண்டையாக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் கை வைத்ததுமே அம்மா கையை எடுத்துவிட்டார். உச்சியில் இருந்த வீக்கம் பிடரிவரை இறங்கியிருந்தது. தலை முழுக்கத் தண்ணீர் கட்டிய பை மாதிரி தளதளத்தது. ஒரு பக்கக் காதுமடல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைவெளேர்.

இரவுப் பணிக்கு வந்திருந்த நர்ஸ் சின்னப் பெண். அந்தத் தளம் முழுவதற்கும் அவள் ஒருத்திதான். “இது நார்மல் டெலிவரின்னுதானே எங்கிட்ட சொன்னாங்க?” என்று கேட்டாள். “இல்லம்மா, வாக்குவம் வச்சு எடுத்த புள்ள” என்று அம்மா சொன்ன பிறகுதான் அவள் ஓடினாள். விடிவதற்குள் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். இன்று வேலைக்குப் போகிறான். முதல் ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை அக்கா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். பிரசவ வகை என்ற இடத்தில் ‘நார்மல்’ என்றே எழுதியிருக்கிறது.

அந்த ஒற்றைச் சொல்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. குழந்தையை வெளியே இழுத்த கருவிக்கு விரிவான வரலாறு உண்டு. கண்டுபிடித்தவர்களின் பெயர், ஆண்டு, ஊர் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. குல்லாவைக் கழற்றிப் பார்த்தவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது?

ஒளித்துவைத்த இடுக்கி

பிரசவக் கருவிகளின் கதை ஒரு ரகசியத்தில் தொடங்குகிறது. 1569-ல் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த குடும்பம் சேம்பர்லென் குடும்பம். தலையைப் பற்றி இழுக்கும் இடுக்கியை உருவாக்கியவர்கள் அவர்கள்தான். அதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குடும்பத்துக்குள்ளேயே மறைத்துவைத்தார்கள். கருவியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார்களாம், பிரசவிக்கும் பெண்ணின் கண்ணைக் கட்டிவிடுவார்களாம். அந்த வீட்டு வழித்தோன்றலான ஹ்யூ சேம்பர்லென் 1670-ல் ரகசியத்தை விற்கப் பாரிஸ் போனார். அங்கே புகழ்பெற்றிருந்த மோரிசோ, இடுப்பெலும்பு குறுகிய ஒரு பெண்ணைக் காட்டி, முடிந்தால் எடுத்துக்காட்டும்படி சொன்னார். ஹ்யூவால் முடியவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள். வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு ஆண்களின் பெயரையும் சொல்கின்றன. 1813-ல் எசெக்ஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டின் தரைப்பலகைக்கு அடியிலிருந்து அந்தக் குடும்பத்தின் இடுக்கிகள் கிடைத்தன.

தன் உடலுக்குள் என்ன நுழைகிறது என்பதைப் பிரசவிக்கும் பெண் அறியக் கூடாது. இந்த ஏற்பாட்டின் தொடக்கம் அங்கே இருக்கிறது. 300 ஆண்டுகள் கழித்து எங்கள் அக்காவின் கண்ணை யாரும் கட்டவில்லை. சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதினார்கள், அவ்வளவுதான்.

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. அடுத்த இருபதாவது ஆண்டில், 1759-ல், பிரான்சின் அரசர் பதினைந்தாம் லூயி ஒரு மருத்துவச்சிக்கு நாடு முழுக்கப் போய்ப் பேறுகாலக் கலையைக் கற்றுத்தர ஆணை கொடுத்தார். அவர் பெயர் ஆஞ்செலிக் து கூத்ரே. துணியாலும் தோலாலும் பஞ்சாலும் ஒரு பெண் இடுப்பையும் குழந்தையையும் செய்து, அதை வைத்துப் பாடம் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களும் கைபட்டுக் கற்றுக்கொள்ள முடிந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுத்தந்தார். அதே காலத்தில், 1760-ல், லண்டனில் எலிசபெத் நிஹெல் என்ற மருத்துவச்சி ஒரு நூல் வெளியிட்டார். பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஆண் வைத்தியர்கள் அவசரப்பட்டு இடுக்கியை எடுக்கிறார்கள் என்று அதில் சாடினார். பாரிஸ் ஓத்தேல் தியூ மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர் அவர். ஒருத்தி ரகசியத்தைத் திறந்து கற்றுக்கொடுத்தாள், இன்னொருத்தி கருவியின் கணக்கைக் கேட்டாள்.

வாந்தூஸ் என்கிற குவளை

உறிஞ்சி இழுக்கும் யோசனையும் பழையதுதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளிமத் நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் யங், ரத்தம் உறிஞ்சப் பயன்படும் கண்ணாடிக் குவளையைக் குழந்தையின் தலையில் பொருத்தி இழுக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. 1849-ல் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சன் – பிரசவத்தில் குளோரோஃபார்மைப் புகுத்தியவர் – பீச்சாங்குழலோடு இணைத்த ஒரு கிண்ணத்தைச் செய்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1950-களின் நடுவில் சுவீடனின் டாகே மால்ம்ஸ்ட்ரோம் செய்த உலோகக் கிண்ணம்தான் நிலைத்தது. அதன் விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும். காற்றை உறிஞ்சும்போது குழந்தையின் தலைத்தோல் கிண்ணத்துக்குள் உப்பி நிறைந்து பிடித்துக்கொள்ளும். 1970-களில் ஜப்பானிலிருந்து மென்மையான சிலிக்கோன் கிண்ணம் வந்தது. இப்போது ஒரே கையால் காற்றை உறிஞ்சக்கூடிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிண்ணங்கள் வந்துவிட்டன.

இந்தக் கருவிக்கு பிரெஞ்சில் ‘வாந்தூஸ்’ என்று பெயர், ரத்தம் உறிஞ்சும் குவளை என்று பொருள். கிண்ணத்தை எடுத்தபின் குழந்தையின் தலையில் எழும் வீக்கத்தை ‘ஷின்யோன்’ என்கிறார்கள். அதுவும் பிரெஞ்சுச் சொல்தான். தமிழில் சொன்னால் கொண்டை. ஆணின் கருவிக்குள் நிறைந்து எழும் வீக்கத்துக்கும் பெண்ணின் கூந்தலிலிருந்துதான் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் பேறுகாலம் மருத்துவச்சியின் கையில் இருந்தது. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். தீட்டு என்று ஊர் ஒதுக்கிய வேலையை அவர்கள் தலையில் கட்டியது ஊர். கூலியாக நெல்லும் பழம்புடவையும் கொடுத்தது. அவர்களது அறிவை அறிவு என்று எழுதிவைக்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். தலை சிக்கிக்கொண்டால் மருத்துவச்சியிடம் வழி கிடையாது. தாயும் பிள்ளையும் சேர்ந்தே போன வீடுகள் டெல்டாவில் எத்தனையோ. ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்து போக மாட்டார்கள். குளிப்பாட்ட, தொப்புள் பார்க்க என்று பல நாள் வந்து போவார்கள். ஒரே கை, ஒரே கண் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் வழிவந்ததுதான் ஜிப்மர். ஆனால் காரைக்காலிலிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாடு. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போய், 1962-ல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பிறகும் அந்த இடைவெளி மாறவில்லை. ஜிப்மரின் காரைக்கால் கிளை மாணவர்களைச் சேர்த்தது 2016-ல்தான். பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனது பெரிய லாபம். எத்தனையோ உயிர்களைக் காத்தது. அந்த நகர்வில் ஒன்று நழுவியது. பார்க்கும் கண் துண்டுதுண்டானது. பிரசவம் பார்க்க ஒருவர், குழந்தையைத் துடைத்துக் கொடுக்க ஒருவர், இரவுக்கு வேறொருவர். கைமாறும்போது சொல் கைமாறவில்லை என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு டம்ளர் ரத்தம்

தலைத்தோலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது கடினமில்லை. வாக்குவம் வைத்து எடுத்த குழந்தையின் தலையில் மூன்று விதமான வீக்கம் வரலாம். முதலாவது, சற்றுமுன் சொன்ன கொண்டை. பிறந்தவுடனேயே பெரிதாகத் தெரியும், அதன்பின் வளராது, ஓரிரு நாளில் வடிந்துவிடும். இரண்டாவது, மண்டையோட்டு எலும்புக்கும் அதை ஒட்டிய சவ்வுக்கும் இடையே கசியும் ரத்தம். ஒரே எலும்பின் எல்லைக்குள் நிற்கும், எலும்புகள் சேரும் கோட்டைத் தாண்டாது. கரைய வாரங்கள் ஆகலாம், மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடுதலாக வரலாம், பெரும்பாலும் ஆபத்தில்லை.

மூன்றாவதுதான் எமன். தலைத்தோலின் அடியில் புருவத்திலிருந்து பிடரிவரை விரிப்பு போலப் பரவியிருக்கும் ஒரு தசைநார்ப்படலம் உண்டு. அதற்கும் எலும்புச் சவ்வுக்கும் இடையே தளர்வான இடம் இருக்கிறது. கிண்ணம் இழுக்கும் இழுப்பில் அந்த இடத்தைக் கடக்கும் சிறு சிரைகள் அறுந்தால் ரத்தம் தடையின்றிப் பரவும். அணைபோட அங்கே எதுவும் இல்லை. 3 கிலோ எடையுள்ள பிறந்த குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 250 மி.லி., நம் வீட்டு டம்ளர் ஒன்றின் அளவு. அந்தத் தளர்வான இடம் கிட்டத்தட்ட அவ்வளவையும் கொள்ளும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் குழந்தை தன் தலைக்குள்ளேயே ரத்தத்தை இழந்துவிடும். தலைச்சுற்றளவு 1 செ.மீ. கூடினால் சுமார் 40 மி.லி. ரத்தம் அங்கே தேங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இது அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் சில மணி நேரத்தில் கைமீறிப் போகும்.

1980-ல் பிளாஷே என்ற அமெரிக்க மருத்துவர், அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவாகியிருந்த இத்தகைய 123 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் வாக்குவம் வைத்து எடுக்கப்பட்டவர்கள். ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஆக, மருத்துவ உலகத்துக்கு இது தெரியாத விஷயமில்லை.

1998 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஓர் எச்சரிக்கை அனுப்பியது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் வாக்குவம் பிரசவத்தோடு தொடர்புடைய 12 சிசு மரணங்களும் 9 கடும் பாதிப்புகளும் தன்னிடம் பதிவானதாகச் சொன்னது. கருவியைத் தடை செய்யவில்லை. பயிற்சி பெற்றவர்களே பயன்படுத்த வேண்டும், கிண்ணத்தை அசைத்துத் திருகி இழுக்கக் கூடாது என்றது. கூடவே, என்னை நிறுத்திய ஓர் அறிவுரையும் இருந்தது: குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர்களிடம் வாக்குவம் பயன்படுத்தப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும், ரத்தக்கசிவின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

சொல்லுங்கள் என்பதைச் சொல்வதற்கு ஒரு நாட்டின் அரசு நிறுவனம் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இது நடந்தபோது அந்தக் கடிதத்துக்கு ஐந்து வயது.

எப்படிப் பார்ப்பது

அதற்குப் பிறகு பல நாடுகள் கண்காணிப்புக்குத் தெளிவான நெறிமுறைகள் வகுத்தன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூன்று முறைக்கு மேல் இழுத்திருந்தாலோ, 20 நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, கிண்ணம் கழன்று கழன்று வந்திருந்தாலோ அந்தக் குழந்தையைத் தனிக் கவனத்தில் வைக்கிறார்கள். முதல் சில மணி நேரம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை நாடித்துடிப்பு, மூச்சு, நிறம், உடற்சூடு, தலை எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறார்கள். தலையைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். குல்லா போடக் கூடாது என்பதும் அந்த நெறிமுறைகளில் உண்டு. வாசித்தபோது அந்தப் பூப்போட்ட குல்லா நினைவுக்கு வந்தது.

பார்க்க வேண்டியவை இவை. வீக்கம் பிறந்தபோது இருந்ததைவிடப் பெரிதாகிறதா? ஒரே இடத்தில் நிற்காமல் நகர்கிறதா, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தால் அந்தப் பக்கம் சாய்கிறதா? காதுமடல் வெளியே தள்ளுகிறதா, கண்ணிமை வீங்குகிறதா, பிடரி உப்புகிறதா? குழந்தை வெளுக்கிறதா? நம் கறுத்த, மாநிறப் பிள்ளைகளிடம் வெளுப்பைக் கன்னத்தில் தேடினால் கிடைக்காது. உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா, முனகுகிறதா, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கிறதா? இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வீக்கத்தை உருவவோ அழுத்தவோ ஒத்தடம் கொடுக்கவோ ஊசியால் குத்தி எடுக்கவோ கூடாது. ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும்.

இதனுடன் ஓர் ஊசியும் சேர்கிறது. பிறந்த சில நாட்களில் காரணமின்றி ரத்தம் கசிந்து இறக்கும் குழந்தைகளைப் பற்றி 1894-ல் பாஸ்டன் மருத்துவர் டவுன்சென்ட் எழுதினார். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைக் கண்டறிந்ததற்காக ஹென்ரிக் டாமுக்கும், அதன் வேதியமைப்பை அறிந்ததற்காக எட்வர்ட் டாய்சிக்கும் 1943-ன் நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த குழந்தைகளுக்கு இந்த வைட்டமின் மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் அதிகமில்லை. மருத்துவமனையில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடையில் 1 மி.கி. ஊசி போட வேண்டும், 1 கிலோவுக்குக் குறைந்த எடையென்றால் அதில் பாதி என்று இந்திய அரசு 2014-ல் வழிகாட்டியது. அறுந்த சிரையை அந்த ஊசி ஒட்டிவிடாது. கசிவு கட்டுக்கடங்காமல் போகும் ஒரு காரணத்தை நீக்கும். வாக்குவம் வைத்த குழந்தைக்கு அது போடப்பட்டதா என்று கேட்பது தாயின் உரிமை.

கிண்ணமா, கத்தியா

இதை வாசித்துவிட்டு, வாக்குவமே வேண்டாம், சிசேரியனே மேல் என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம். தலை நன்றாக இறங்கி, தாய் களைத்து, குழந்தையின் இதயத்துடிப்பு சரிகிற நேரத்தில் கிண்ணம் உயிர்காக்கும் கருவி. அடிப்படை அவசரப் பேறுகாலச் சேவை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஏழு பணிகளில் கருவி உதவியோடு யோனிவழிப் பிரசவம் பார்ப்பதும் ஒன்று. தலை கீழிறங்கிய நிலையில் வயிற்றைக் கிழிப்பதும் சிக்கலானதுதான். அடுத்தடுத்த பிரசவங்களிலும் அந்தத் தழும்பு கூடவே வரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், இந்திய அளவில் 21.5. கத்தி பெருகும் இடத்தில் கிண்ணம் பிடிக்கும் கை பழக்கம் இழக்கும். பழக்கமில்லாத கை கிண்ணத்தைத் தவறான இடத்தில் வைக்கும். அதன் விலையையும் குழந்தைதான் கொடுக்கும்.

என் கேள்வி கருவியைப் பற்றியது அல்ல, அதைச் சூழ்ந்த மௌனத்தைப் பற்றியது. மௌனத்துக்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. ‘நார்மல்’ என்ற சொல்லுக்குக் குடும்பத்தில் மதிப்பு உண்டு. முக்கிப் பெற்றவள் கெட்டிக்காரி, ஆயுதம் போட்டு எடுக்கவைத்தவள் சோடை என்று பேசும் உறவுகள் நமக்கு உண்டு. அக்காவின் மாமியார் வீட்டில் அந்தச் சீட்டைப் பார்த்து மகிழத்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் அந்தச் சொல் வசதி. இரண்டு வசதிகளுக்கும் நடுவில் இரவுப் பணிப் பெண் ஒன்றும் தெரியாமல் நின்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தளத்தையே ஒருத்தியிடம் விட்டுவிட்டு மணிக்கொருமுறை ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுப் பார் என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? கண்காணிப்பு என்பது கடைசியில் பெண்களின் உழைப்பு. சம்பளம் குறைந்த நர்ஸின் உழைப்பு, சம்பளமே இல்லாத அம்மாக்களின் உழைப்பு. நெறிமுறையைச் சுவரில் ஒட்டலாம். அதை நிறைவேற்ற ஆள் வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணை ஒருத்தி உடனிருக்க 2016-ல் மத்திய அரசு அனுமதித்தது. நல்ல காரியம். அந்தத் துணையைக் கைபிடித்து ஆறுதல் சொல்பவளாக மட்டும் வைக்காமல், தகவல் பெறும் உரிமை உள்ளவளாக வைக்க வேண்டும். வாக்குவம் வைத்தீர்களா? எத்தனை முறை இழுத்தீர்கள்? கிண்ணம் கழன்றதா? கே ஊசி போட்டாயிற்றா? இரவில் யார் பார்ப்பார்கள், எத்தனை மணிக்கொருமுறை? சீட்டில் எழுதுவீர்களா? இந்த ஆறு கேள்விகளைக் கேட்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

என் அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. அன்று அந்தக் குழந்தை பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் தூங்கவில்லை. இன்னொன்று, கதவருகே நின்று ஆயாம்மா சொன்ன ‘வாக்குவம்’ என்ற ஒரு சொல்லை அவர் மறக்கவில்லை. ஆயாம்மா சொல்லியிருக்காவிட்டால் நர்ஸிடம் சொல்ல அம்மாவிடம் எதுவும் இருந்திருக்காது. கேஸ் ஷீட்டில் இல்லாத தகவல், ஒரு கூலிப் பெண்ணின் வாய்வழியாக ஒரு கிராமத்துப் பெண்ணிடம் வந்து, அங்கிருந்து இரவுப் பணிப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

சென்ற ஆண்டு போலகத்தில் எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண் பிரசவித்து வந்தாள். குழந்தையைப் பார்க்கப் போன அம்மா முதலில் குல்லாவைக் கழற்றினார். “எப்படி எடுத்தாங்க?” என்று கேட்டார். “வாக்குவம்தான் பெரிம்மா, மூணு தடவ இழுத்தாங்களாம், சீட்டுல எழுதியிருக்கு” என்றாள் அவள். சீட்டை நானும் வாங்கிப் பார்த்தேன். எழுதியிருந்தது.